மைத்தேய்ப்பா, மைப்படியா?

> சீனக் கல்வெட்டு எழுத்தின் மேல் தாள் வைத்து மையால் எடுத்து, சுவரில் மாட்டும் அலங்காரச் சுருள்களுக்கு 'மைத்தேய்ப்பு' என்று பெயர் வைக்கலாமா? கண்காட்சிக் குறிப்பு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். 'கல்லச்சு' என்றும் யோசித்தேன்.

ஐயா, வணக்கம். இரண்டுமே வேண்டாம் என்பேன்.

'கல்லச்சு' ஏற்கெனவே வேறு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட சொல். 19ஆம் நூற்றாண்டில் வழவழப்பான கல்லில் எண்ணெய் மையால் எழுதி அச்சிட்ட முறைக்கு அது நிலைத்துவிட்டது. தவிர, அச்சு என்றால் இடவலமாகத் திருப்பி வெட்டிய எழுத்துதான் நினைவுக்கு வரும். இங்கே கல்லிலும் எழுத்து நேர், தாளிலும் நேர்.

'தேய்ப்பு' என்பது 'rubbing' என்ற ஆங்கிலப் பெயரின் நிழல். சீனத்தில் பெரும்பாலும் தேய்ப்பதில்லை. ஈரமான மெல்லிய தாளைக் கல்லில் படியவைத்து, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளங்களுக்குள் இறக்குகிறார்கள். தாள் காய்ந்தும் காயாமலும் இருக்கும்போது, பஞ்சு அடைத்துக் கட்டிய பட்டுத்துணிப் பொதியில் மை தொட்டு மேலே மெல்ல ஒற்றுகிறார்கள். மேட்டில் மை ஏறும், பள்ளத்தில் ஏறாது. கறுப்புப் பரப்பில் வெள்ளை எழுத்து தெரியும். பதம் தப்பினால் போயிற்று. ஈரம் மிஞ்சினால் மை ஊறிப் பரவும். காய்ந்துபோனால் தாள் கல்லைவிட்டு எழும்பும். நம்மூர்க் கல்வெட்டுப் பயிற்சி முகாம் ஒன்றில் என் முதல் தாள் அப்படித்தான் பாழானது: 'ஸ்வஸ்திஸ்ரீ' இருந்த இடத்தில் ஒரு கறுப்புக் குட்டை.

அந்த முகாமில் நாங்கள் எடுத்ததற்குப் பெயர் 'மைப்படி'. செய்முறையும் ஏறக்குறைய இதுவேதான். இலங்கையின் காலி நகரில் கிடைத்து இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கும் 1409ஆம் ஆண்டு மும்மொழிக் கல்வெட்டை நினைத்துப் பாருங்கள். ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். அதைப் படியெடுத்தால் தமிழ்ப் பகுதிக்கு மைப்படி, சீனப் பகுதிக்கு மைத்தேய்ப்பு என்றா எழுதுவோம்?

> படி என்றால் வெறும் நகல்தானே? ஆவணச் சொல்லாக இருக்கிறது. அழகுக்காக மாட்டும் பொருளுக்கு ஒட்டுமா?

ஒட்டும், ஐயா. படியைச் சீனர்கள் நகல் என்று தாழ்த்துவதில்லை. டாங் பேரரசர் தைசோங் எழுதிய வெந்நீரூற்றுக் கல்வெட்டின் கல் இன்று இல்லை. சீனாவின் துன்ஹுவாங் குகையில் கிடைத்த, 653ஆம் ஆண்டுக் குறிப்பு உள்ள மைப்படியில்தான் அவர் கையெழுத்தைப் பார்க்கிறோம். மை ஏற்றும் விதத்துக்கே தனிப் பெயர்கள் உண்டு. சாம்பல் நிறத்தில் மெலிதாக ஒற்றினால் சில்வண்டுச் சிறகு, பளபளக்கும் கறுப்பாக ஏற்றினால் கரும்பொன். இவ்வளவு ரசனையோடு பார்க்கப்படும் பொருளுக்கு 'மைப்படி' குறைவான பெயர் அல்ல.

புதுச்சொல் வேண்டியது வேறு இரண்டு இடங்களில். ஒன்று, பின்தாள் ஒட்டி, மேலும் கீழும் கோல் வைத்து மாட்டும் வடிவம். 'சுருள்' என்றால் சுருட்டி வைத்த ஓலைதான் கண்முன் வருகிறது. 'மைப்படித் தொங்கல்' என்கிறேன். (வேலையைத் தொங்கலில் விடுவது நினைவுக்கு வருகிறது என்று யாராவது சிரிப்பீர்கள். சிரியுங்கள்.) இரண்டு, மூலக் கல் தேயாமலிருக்க அதைப் பார்த்து வெட்டிய இன்னொரு கல். அதற்கு 'மறுவெட்டு' போதும்.

இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். சீனாவின் சீஆன் நகரில் 'கல்வெட்டுக் காடு' என்ற அருங்காட்சியகத்தில் மூங்கில் இலைகளே எழுத்துகளாகி ஒரு கவிதை சொல்லும் கல் ஒன்று உண்டு. தூரத்தில் மூங்கில், கிட்டே போனால் எழுத்து. அதன் தொங்கல்கள் அலங்காரப் பொருளாக எங்கும் விற்கின்றன. மறுவெட்டுக் கல்லில் எடுத்தவையும் உண்டு, வெறும் அச்சுத்தாளும் உண்டு. பின்தாள் ஒட்டாத படி என்றால் திருப்பிப் பாருங்கள்: தட்டிய இடமெல்லாம் எழுத்து பின்பக்கம் புடைத்திருக்கும். அச்சுத்தாளில் அந்தப் புடைப்பு இருக்காது.

உங்கள் கண்காட்சிக் குறிப்பில் எந்தக் கல்லில் எடுத்தது என்று இருக்கிறதா? அந்த வரியை அனுப்புங்கள். 'மைப்படித் தொங்கல்' என்று விடுவதா, 'மறுவெட்டு மைப்படித் தொங்கல்' என்று எழுதுவதா என்று பார்த்துவிடலாம்.