கோடு (நிரல்) துண்டுகளை எங்கே சேர்த்து வைக்கிறீர்கள்?

ரங்கூன் தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். யாங்கோனில் சின்னக் கடைகளுக்கு வெப்சைட் போட்டுக் கொடுக்கிறேன், கூடவே பில் ஃபைல்களை ஒழுங்குபடுத்த பைதான், பாஷ் ஸ்கிரிப்ட். திரும்பத் திரும்பத் தேவைப்படும் துண்டுகள் ஏகப்பட்டது சேர்ந்துவிட்டன. பாதி புக்மார்க்கில், பாதி டெலிகிராமில் எனக்கு நானே அனுப்பியது, மிச்சம் புதுசு1, புதுசு2 என்று பெயர் வைத்த டெக்ஸ்ட் ஃபைல்களில். கரண்ட் போய் நெட்டும் போனால் புக்மார்க்கில் தலைப்பு மட்டும்தான் தெரியும். ஆஃப்லைனில் ஓடுகிற ஆப் ஏதாவது இருக்கிறதா?

மோல்மீன்காரன்:
ஆப் எதுக்கு தம்பி? ஒரு ஃபோல்டர், அதில் கிட் (மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்), துண்டுக்கு ஒரு ஃபைல், அவ்வளவுதான். தேடுவதற்கு கிரெப் கட்டளை இருக்கிறது. பென்டிரைவில் ஒரு வெற்று ரெப்போ (கிட்டின் சேமிப்பிடம்) வைத்து அதற்கே புஷ் பண்ணி அனுப்பலாம், நெட் வேண்டாம். ஃபைலின் தலையில் கமென்ட்டாக என்ன செய்யும், எந்த வெர்ஷனில் ஓடியது, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி வை. கடைசியை விட்டுவிடாதே, ஸ்டாக் ஓவர்ஃப்ளோ பதில்கள் சிசி பிஒய்-எஸ்ஏ (CC BY-SA) உரிமத்தில் வருகின்றன, எழுதியவரைக் குறிப்பிட்டாக வேண்டும். தினமும் அடிக்கிற துண்டுகளை மட்டும் விஎஸ் கோடு எடிட்டரின் யூசர் ஸ்னிப்பெட்டில் போடு. அது வெறும் ஜேசன் ஃபைல்தான், பாடியில் டாலர் 1, டாலர் 2 ($1, $2) என்று குறித்தால் டேப் அழுத்த அழுத்த கர்சர் அங்கங்கே போய் நிற்கும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டோடு எதையும் சேமிக்காதே.

பெகு அக்கா:
அண்ணன் சொன்னது சரி. ஆனால் துண்டோடு கூட அதை உடைக்கிற உள்ளீட்டையும் வைத்துக்கொள் தம்பி, இல்லாவிட்டால் அந்த ஃபோல்டர் வெறும் குப்பைக்கூடை. தமிழில் கிடைக்கிற தேதித் துண்டுகள் நிறைய இந்திய நேரத்துக்கு எழுதியவை, உலக நேரத்தோடு (யுடிசி) கூட்ட 330 நிமிடம் என்று நேராகவே எண்ணைப் போட்டிருப்பார்கள். நமக்கு 390. இரவு 11.15க்குப் போட்ட பில் அதில் 10.15 ஆகிவிடும், நள்ளிரவு 12.30க்குப் போட்டதோ முந்தின நாள் கணக்கில் போய் உட்காரும். எண்ணையே எழுதாமல் ஏசியா/யாங்கோன் என்று மண்டலப் பெயரைக் கொடு. ரொம்பப் பழைய சர்வரில் அந்தப் பெயர் தெரியாது, ஏசியா/ரங்கூன் என்று கேட்கும்; பெயரை 2016இல்தான் மாற்றினார்கள்.

அப்புறம் ஸாஜி, பர்மிய எழுத்துக்கான பழைய ஃபான்ட் முறை. நாடு யூனிகோடுக்கு மாறியது 2019 அக்டோபர் 1 என்றாலும் கடைக்காரர்களின் பழைய எக்செல் ஃபைல்களில் அது இன்னும் கிடக்கிறது. இரண்டும் ஒரே குறியெண் தொகுதியைத்தான் பயன்படுத்துகின்றன, ஆனால் சில எண்களுக்கு எழுத்து வேறு, வரிசையும் வேறு: பர்மிய 'ஏ' குறியை ஸாஜி மெய்க்கு முன்னால் சேமிக்கும், யூனிகோடு பின்னால். ஒரு வரி ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தைத் தேடும் குறிமுறை) வைத்துக் கண்டுபிடிக்கிற துண்டுகள் சின்னச் சொற்களில் ஏமாறும். கூகுளின் மியான்மர் டூல்ஸ் அது ஸாஜியாக இருக்கும் வாய்ப்பை 0 முதல் 1 வரை ஒரு மதிப்பாகத் தரும், அதை நம்பலாம். ஆனால் வாடிக்கையாளர் பெயர் முழுக்கத் தமிழில் இருந்தால் மைனஸ் இன்ஃபினிட்டி திரும்பி வரும், அதற்கும் ஒரு சோதனை வரி வை.

ரங்கூன் தம்பி:
நன்றி அக்கா, என்னிடம் இருப்பதிலும் அந்த 330தான், இப்போதுதான் திறந்து பார்த்தேன். சிஎஸ்வியை எக்செல்லில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் கோணல்மாணலாக வருகிறதே, அதற்குத் துண்டு இருக்கிறதா?

பெகு அக்கா:
பைதானில் எழுதும்போது என்கோடிங்கை யுடிஎஃப்-8-சிக் (utf-8-sig) என்று கொடு, ஃபைலின் தொடக்கத்தில் பிஓஎம் என்ற அடையாளக் குறி விழும், எக்செல் புரிந்துகொள்ளும். அதே ஃபைலை வேறு ஸ்கிரிப்ட் படித்தால் முதல் நெடுவரிசையின் தலைப்பில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒன்று ஒட்டியிருக்கும், படிக்கும்போதும் அதே என்கோடிங்கைக் கொடு.

மோல்மீன்காரன்:
இன்னொன்று. மேக்கில் மைனஸ் ஐ (-i) போட்டு எழுதிய செட் (sed, ஃபைலுக்குள் எழுத்தை மாற்றுவது) கட்டளை லினக்ஸ் சர்வரில் உடையும், இங்கே எழுதியது அங்கே உடையும். மைனஸ் ஐ-யை ஒட்டி இடைவெளி இல்லாமல் டாட் பேக் (-i.bak) என்று போட்டால் இரண்டிலும் ஓடும், பழைய ஃபைலும் பக்கத்திலேயே இருக்கும்.