பெரியப்பாவைப் பார்க்கப் போகத் துணிவு வரவில்லை

ரங்கூன் வாசகி:
அனைவருக்கும் தோத்திரம். 1964-இல் உறவினர்களில் பலர் கப்பலேறி ஊருக்குத் திரும்பியபோதும் எங்கள் தாத்தா இங்கே பர்மாவிலேயே தங்கிவிட்டார். அவர் காலத்துக்குப் பின், இரண்டு மகன்களுக்கும் பொதுவான வீட்டைப் பெரியப்பா தம் பெயருக்கு மாற்றி விற்றுவிட்டார். அதன் பிறகு அவரோடு ஒரு வார்த்தையும் பேசாமலேயே அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். இப்போது பெரியப்பா பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெரியம்மா வாசலில் காத்திருந்து, "உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார்" என்று சொல்லி, ஒரு லப்பெட் (ஊறவைத்த தேயிலை) பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டுப் போனார். பிரிக்க மனமின்றி அடுக்களை அலமாரியில் வைத்திருக்கிறேன். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்னும் இடம் வரும்போது ஜெபத்தில் எனக்கு நா எழுவதில்லை. போனால் அப்பாவுக்குத் துரோகம் செய்ததாகிவிடுமோ என்றும் அஞ்சுகிறேன்.

மோல்மேன் சகோதரர்:
சகோதரி, மனம் ஆறிய பிறகு போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். 1947-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் நெதர்லாந்துக் கிறிஸ்தவரான கோரி டென் பூம் அம்மையார் தேவனுடைய மன்னிப்பைப் பற்றிப் பேசி முடித்தபோது, அவரும் அவர் சகோதரி பெட்ஸியும் அடைபட்டிருந்த ராவன்ஸ்புரூக் நாஜி வதைமுகாமின் முன்னாள் காவலர் ஒருவர் எதிரே வந்து கை நீட்டினார். பெட்ஸி 1944-இல் அந்த முகாமிலேயே இறந்தவர். அம்மையாருக்குக் கை எழவில்லை. தம்மால் இயலவில்லை என்று இயேசுவிடமே முறையிட்டுக் கையை நீட்டியதாகவும், பற்றிய பிறகே உள்ளம் இளகியதாகவும் அவரே எழுதியிருக்கிறார்.

தட்டோன் அக்கா:
தங்கையே, போகத்தான் வேண்டும். ஆனால் நடந்ததை மூடி மறைத்துவிட்டுப் போக வேண்டியதில்லை. வேதாகமத்தில் யோசேப்பு தம்மை அடிமையாக விற்ற சகோதரர்களைக் கண்டவுடன் கட்டித் தழுவவில்லை. தம்பி பென்யமீனுக்குப் பதிலாகத் தானே அடிமையாக இருக்கிறேன் என்று அவர்களில் ஒருவரான யூதா முன்வந்த பிறகுதான் தம்மை வெளிப்படுத்தினார். அழுதுகொண்டே சொன்னபோதும், "நீங்கள் விற்றுப்போட்ட யோசேப்பு" என்றுதான் சொன்னார். ஆகவே அப்பாவின் பங்கைப் பற்றிப் பெரியப்பாவிடம் வாய்விட்டுச் சொல்வது துரோகமாகாது, மன்னிப்புக்கும் குறைவாகாது. அவர் வருந்தாவிட்டாலும் உங்கள் நெஞ்சிலிருக்கும் கசப்பைக் கர்த்தரிடம் ஒப்படைத்துவிடலாம். உறவு மீண்டும் துளிர்க்க மட்டும் அவரும் மனம் திரும்ப வேண்டும். இதில் உங்கள் அம்மா பட்டதும் உண்டல்லவா, அவரிடம் கேட்டீர்களா?

இன்னொன்று. முற்காலத்தில் இந்த நாட்டு வழக்குகளில் தீர்ப்புக்குப் பின் லப்பெட் பரிமாறுவார்கள். அதை உண்டால் தீர்ப்பை ஏற்றுக்கொண்டதாகப் பொருள். பெரியம்மா அதைத் தெரிந்தே கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ரங்கூன் வாசகி:
இருவருக்கும் நன்றி. அம்மாவிடம் அதுவரை நான் சொல்லவே இல்லை; நேற்றிரவுதான் சொன்னேன். வெகுநேரம் பேசாமலிருந்தவர், பிறகு எழுந்து போய்ப் பொட்டலத்தைத் தாமே பிரித்து, வறுத்த பூண்டும் எள்ளும் சேர்த்துப் பிசைந்து, எனக்கு ஒரு வாய் கொடுத்துவிட்டுத் தாமும் உண்டார். சனிக்கிழமை இருவருமாகப் போகிறோம். வீட்டைப் பற்றி அம்மாவே பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.