நாலரை மணிப் பசி: பிள்ளைகளுக்கு என்ன தீனி, எவ்வளவு, எங்கே சொதப்பும்? (அனுபவப் பகிர்வு)

ஊறப்போட்ட கடலை:
ஸ்கூல் விட்டு வர்ற பிள்ளைங்க கையில அஞ்சு ரூபா பாக்கெட்டுக்குப் பதிலா வேற எதையாவது வைக்கணும்னு நினைக்கிறவங்களுக்காக இந்த இழை. "சத்தானதா குடுங்க"ன்னு பொத்தாம்பொதுவா எழுதாதீங்க. அளவு, நேரம், எங்க கெட்டுப்போகும், அதைச் சொல்லுங்க. நானே ஆரம்பிக்கிறேன்.

பன்னிரண்டரைக்குச் சாப்பிட்ட பிள்ளை நாலரைக்கு வாசப்படி ஏறுது. முதல் பத்து நிமிஷத்துல கைக்கு எட்டினது எதுவோ அதுதான் அன்னைக்குத் தீனி. "கை கால் கழுவிட்டு வா, சூடா செஞ்சு தர்றேன்"னு அடுப்பைப் பத்த வைக்கிறதுக்குள்ள பிஸ்கட் டப்பா திறந்திருக்கும். அதனால வேகவைக்கிற வேலை காலையிலயே முடிஞ்சிருக்கணும். சாயங்காலம் தாளிப்பு மட்டும், மூணு நிமிஷம்.

கறுப்புக் கொண்டைக்கடலை ஒரு டம்ளர், சுமாரா 150 கிராம். நாலு பிள்ளைங்களுக்குக் காணும். ராத்திரி மூணு மடங்கு தண்ணில ஊறப்போடுங்க. எட்டு மணி நேரம் ஊறணும். காலையில அந்தத் தண்ணிய வடிச்சிட்டு, புதுத் தண்ணி கடலைக்கு மேல ஒரு விரல்கடை நிக்கிற மாதிரி ஊத்தி, உப்புப் போட்டு, அஞ்சு ஆறு விசில். குக்கருக்குக் குக்கர் மாறும். விசிலை எண்ணிட்டு விட்டுடாம ஒரு கடலைய எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவுல வச்சு அமுக்குங்க. தோல் கிழியாம உள்ள மாவா நசுங்கணும். ரெண்டா உடைஞ்சா இன்னும் ரெண்டு விசில். எவ்வளவு வச்சாலும் கல்லு மாதிரியே கிடந்தா அது பழைய கடலை, கடைக்காரரைத்தான் கேக்கணும். சோடா உப்புப் போட்டுச் சரிக்கட்டப் பாத்தா தோல் தனியா சதை தனியா கழண்டு கூழாயிடும், பிள்ளைங்க தொடாது.

பாசிப்பயறுக்கு நாலு மணி நேரம் ஊறல், ஒரு விசில். அதுக்கு மேல போனா பருப்புக் கடைசல்தான்.

தாளிச்சு இறக்கினதும் அரை மூடி எலுமிச்சை. ருசிக்கு மட்டும் இல்ல, கடலையில இருக்கிற இரும்புச்சத்து உடம்புல சேர வைட்டமின் சி உதவும். கூடவே டீ குடுத்தா நேர் எதிர். டீ அதைத் தடுக்கும். பிள்ளைக்கு டீ எதுக்குன்னு தனியா ஒரு இழையே போடலாம்.

சின்ன டம்ளர்:
ஊறப்போட்ட கடலை அக்கா எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும்: வயது. நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொண்டைக்கடலையை முழுசாகக் கொடுக்காதீர்கள், நசுக்கிக் கொடுங்கள். முழு வேர்க்கடலை அஞ்சு வயது வரை வேண்டவே வேண்டாம். சிரிக்கும்போதோ ஓடும்போதோ உறிஞ்சி மூச்சுக்குழாயில் இறங்கினால், ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும். பொடித்து அவலில் கலந்து கொடுக்கலாம். திராட்சையைக் குறுக்கே வெட்டினால் அதே உருண்டைதான், இரண்டு வட்டமாக. நீளவாக்கில் நாலாகக் கீறுங்கள். பாப்கார்னும் பச்சைக் கேரட் துண்டும் இந்த வயதுக்கு ஆகாது.

சாப்பிடும்போது உட்கார்ந்திருக்க வேண்டும். ஆட்டோவில் கொறிக்கக் கொடுத்து அனுப்புவது வேண்டாம்.

பொடியெழுத்து:
கடையில் வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன், அது நடக்காது. ஆனால் பாக்கெட்டைத் திருப்பிப் படிக்கப் பழகுங்கள், பிள்ளையையும் பழக்குங்கள். ஏழெட்டு வயதுக்கு மேல் இது நல்ல விளையாட்டு. பெருக்கல் வாய்ப்பாடும் கூடவே வரும்.

முன்பக்கத்தில் போட்டிருக்கும் கோதுமைக் கதிர், பாதாம் படம் எல்லாம் விளம்பரம். பின்பக்கம் சேர்மானப் பட்டியல் அளவின் இறங்கு வரிசையில்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். முதல் மூன்றில் மைதா, சர்க்கரை, பாமாயில் மூன்றும் இருந்தால் மற்றதைப் படிக்க வேண்டியதில்லை. சர்க்கரையைப் பிரித்துப் பிரித்து எழுதுவதும் உண்டு: இன்வர்ட் சிரப், குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ். மூன்றையும் கூட்டினால் பட்டியலில் மேலே வந்துவிடும்.

அடுத்தது சத்து அட்டவணையில் 'ஆடட் சுகர்' வரி. 100 கிராமுக்கு 25 கிராம் என்று போட்டிருந்தால், ஒவ்வொன்றும் எட்டு கிராம் எடையுள்ள ஆறு பிஸ்கட்டில் 12 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன். ஒரு டீஸ்பூன் நாலு கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முதல் பதினெட்டு வயது வரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் என்பது அமெரிக்க இதய நலச் சங்கம் சொல்லும் வரம்பு. பாதி அங்கேயே காலி. பாலில் கலக்கும் மாவுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் அவற்றை 'ஹெல்த் டிரிங்க்' என்ற வகையில் வைத்து விற்காதீர்கள் என்று இணையக் கடைகளுக்குச் சொன்னது. மாவைக் கலந்த பிறகு வீட்டில் இன்னொரு ஸ்பூன் சர்க்கரை போடுபவர்களும் இருக்கிறார்கள்!

உப்புக்கு, சோடியத்தை இரண்டரையால் பெருக்குங்கள். 600 மில்லிகிராம் சோடியம் என்றால் ஒன்றரை கிராம் உப்பு.

பாகுப்பதம்:
சர்க்கரையைத் திட்டிட்டு வெல்லத்துல நாலு பங்கு அள்ளிப் போடுறவங்களுக்குச் சொல்றேன்: வெல்லமும் அந்த 25 கிராம் கணக்குலதான் வரும். நாட்டுச்சர்க்கரையும் தேனும் அப்படியே. கடலை உருண்டை நல்ல தீனிதான், அளவு தெரிஞ்சு பிடிச்சா.

வறுத்துத் தோல் நீக்கின வேர்க்கடலை 150 கிராம், வெல்லம் 90 கிராம். கடலையில சுருங்கினது, பூஞ்சை பூத்தது, நாக்குல கசக்கிறது இருந்தா பொறுக்கித் தூர எறியுங்க. வறுத்தா சரியாப் போயிடும்னு நினைக்காதீங்க, அதுல இருக்கிற நஞ்சு வறுத்தாலும் முழுசாப் போகாது. வெல்லத்தைக் கால் டம்ளர் தண்ணில கரைச்சு, மண் போக வடிகட்டி, திரும்ப அடுப்புல ஏத்துங்க. நுரை பெருசா பொங்கி அப்புறம் சின்னக் குமிழியா அடங்கும். அப்ப ஒரு சொட்டு எடுத்துக் கிண்ணத் தண்ணில விட்டு உருட்டித் தட்டுல போட்டா 'டங்'குன்னு சத்தம் வரணும். உருட்ட வந்து, ஆனா சத்தம் வரலைன்னா அது அதிரசப் பதம். உருண்டை மறுநாளே பிசுபிசுக்கும். ரெண்டு நிமிஷம் தாண்டிட்டா கருகின கசப்பு.

அரிசி மாவு தொட்டுக்கிட்டுச் சூட்டோட பிடிச்சா பதினஞ்சு உருண்டை. ஒண்ணுக்கு ஆறு கிராம் வெல்லம். ஒரு நாளைக்கு ஒண்ணு. டப்பாவ மேல் தட்டுல வைங்க. கொய்யாவும் வாழைப்பழமும் மேஜை மேல இருக்கட்டும்.

மூணாவது வாய்:
"என் பிள்ளை தொடவே மாட்டேங்குது"ன்னு அடுத்து யாராவது எழுதுவாங்க, அதனால முன்கூட்டியே.

புது ருசிக்கு நாக்கு பழக பத்துப் பதினஞ்சு தடவைகூட ஆகலாம். பெரும்பாலான வீட்டுல மூணாவது தடவையே கைவிட்டுடுறோம். தட்டு நிறைய வைக்காதீங்க. பிடிச்சது வழக்கம்போல, புதுசு ஒரு டீஸ்பூன், ஓரமா. சாப்பிடலைன்னா பேசாம எடுத்துடுங்க. அடுத்த வாரம் திரும்ப.

"சுண்டலை முடிச்சா சாக்லேட்" மட்டும் வேண்டாம். சுண்டல் தண்டனை, சாக்லேட் பரிசுன்னு நாமளே சொல்லிக் குடுத்ததா ஆயிடும். ஒரேயடியா பூட்டி வச்சாலும் ஆசை கூடும், கல்யாண வீட்டுல போய் வட்டியோட தீர்த்துக்கும். எலின் சாட்டர்னு அமெரிக்க உணவியலாளர் ஒருத்தங்க பிரிச்சுக் குடுத்தது வீட்டுக்கு வீடு பொருந்தும்: என்ன, எப்போ, எங்கேங்கிறது பெரியவங்க பாடு, எவ்வளவு, தின்னலாமா வேண்டாமாங்கிறது பிள்ளை பாடு. நம்ம ஊர்ல ரெண்டாவதுதான் கஷ்டம், ஊட்டியே பழகின கை.

கேள்வியையும் மாத்துங்க. "என்ன வேணும்?"னா சிப்ஸ்தான். "கொய்யாவா, அவிச்ச சர்க்கரைவள்ளிக் கிழங்கா?"ன்னா ரெண்டுல ஒண்ணு. கொய்யாவுக்கு மிளகாத்தூள் உப்பு கொஞ்சமாத் தூவிக் குடுங்க, ஸ்கூல் வாசல்ல விக்கிற மாதிரியே.

தாத்தா பாக்கெட் வாங்கிட்டு வர்றாரா? சண்டை போடாதீங்க. அவருக்கு வேண்டியது பேரன் ஓடி வர்றது. அவிச்ச மக்காச்சோளமோ தை மாசத்துல பனங்கிழங்கோ வாங்கிட்டு வரச் சொல்லுங்க. அப்பவும் ஓடி வருவான்.

மணியடிச்சாச்சு:
ஸ்கூல் வாசல்னு சொன்னதால ஒண்ணு. கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த தின்பண்டத்தைப் பள்ளிக்குள்ளயும் வாசல்ல இருந்து 50 மீட்டருக்குள்ளயும் விக்கக் கூடாதுன்னு 2020ல வந்த எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதி இருக்கு. பெற்றோர் கூட்டத்துல எடுத்துப் பேசலாம். பஞ்சுமிட்டாய்ல துணிச்சாயம் ரோடமைன்-பி கண்டுபிடிச்சு 2024 பிப்ரவரியில தமிழ்நாடு தடை போட்டதும் நினைவிருக்கட்டும். கண்ணைப் பறிக்கிற நிறம்னா ஒதுங்கிக்கலாம்.

ஒரு சந்தேகம். இன்டர்வல் டப்பாவுக்குச் சுண்டல் வச்சா பதினோரு மணிக்கே ஊசிப்போன வாடை அடிக்குது. ஏன்?

ஊறப்போட்ட கடலை:
தேங்காய் போட்டிருப்பீங்க, சூட்டோட மூடியிருப்பீங்க. ஆவி மூடியில முட்டித் தண்ணியா திரும்ப இறங்கும், தேங்காய் நொதிக்கும். டப்பாவுக்குப் போறதுல தேங்காயும் மாங்காயும் வேண்டாம். தாளிச்சப்புறம் வாணலியிலயே ரெண்டு நிமிஷம் ஈரம் வத்தப் பிரட்டி, அகலத் தட்டுல பத்து நிமிஷம் ஆறவிட்டு, அப்புறம் ஈரமில்லாத டப்பாவுல போடுங்க. தேங்காய்ச் சுண்டல் சாயங்காலத்துக்கு.