ஆன்சிபிள் 'ஓகே' என்கிறது. இரண்டு சர்வரில் மட்டும் என்ஜின்எக்ஸ் பழைய கான்ஃபிக்கிலேயே ஓடுகிறது

புதுசா_வந்தவன்:
வணக்கம். என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர் மென்பொருள்) ஓடுற டெபியன் 12 சர்வர் ஆறு, முன்னால வர்ற கோரிக்கைகளைப் பிரிச்சு அனுப்புற லோட் பேலன்சர் ஒண்ணு. இவ்வளவு நாள் ஒவ்வொண்ணுக்குள்ளயும் எஸ்எஸ்ஹெச்ல போய் கையாலதான் மாத்திட்டிருந்தேன். ரெண்டு மாசமாத்தான் ஆன்சிபிள் (எல்லா சர்வரையும் ஒரே இடத்திலிருந்து அமைக்கிற கருவி).

பெரிய படம் ஏத்தினா 413 (அனுப்பினது ரொம்பப் பெரிசுங்கிற பிழை) வருதுன்னு புகார். அதனால கான்ஃபிக் ஃபைலை உருவாக்குற டெம்ப்ளேட்ல 'கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ்' அளவை 20 எம்பி ஆக்கி பிளேபுக்கை (ஆன்சிபிள் செய்ய வேண்டிய டாஸ்க் பட்டியல்) ஓட்டினேன். இப்போ ஒரு தடவை படம் ஏறுது, அடுத்த தடவை அதே 413. தேடிப் பார்த்தா வெப்3, வெப்5 ரெண்டும்தான் வில்லன். மறுபடி ஓட்டினா ஆறுலயும் பச்சை, 'சேஞ்ச்டு' பூஜ்யம். உள்ளே போய் 'என்ஜின்எக்ஸ் -டி' (பெரிய டி) போட்டா 20 எம்பின்னுதான் காட்டுது. தலை சுத்துது.

ரீஸ்டார்ட்_ராஜா:
ஹேண்ட்லரை (வேற டாஸ்க் ஏதாவது மாத்திட்டு 'நோட்டிஃபை'னு கூப்பிட்டா மட்டும் ஓடுறது) தூக்கிப் போட்டுட்டு, கடைசி டாஸ்க்ல 'ஸ்டேட்: ரீஸ்டார்ட்டட்'னு எழுதுங்க ப்ரோ. நான் எப்பவும் அப்படித்தான்.

கருப்புத்திரை:
அது வேண்டாங்க. ஒரு மாற்றமும் இல்லாத நாள்லயும் ஆறு சர்வரும் ரீஸ்டார்ட் ஆகும். கான்ஃபிக்ல ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனா நின்ன என்ஜின்எக்ஸ் எழுந்திருக்காது. ரீலோட்னா (நிறுத்தாம கான்ஃபிக்கை மறுபடி படிக்கிறது) பிழையைச் சொல்லிட்டு பழைய கான்ஃபிக்கோடயே ஓடிட்டிருக்கும்.

கேட்டவருக்கு: பெரிய 'டி' டிஸ்க்ல இருக்கிற ஃபைலைப் படிச்சுத்தான் காட்டும். ஓடிட்டிருக்கிற ப்ராசஸ்கிட்ட எது இருக்குன்னு அதுக்குத் தெரியாது. 'பிஎஸ்' போட்டு வொர்க்கர் ப்ராசஸ் எப்போ தொடங்குச்சுன்னு பாருங்க. அப்படியே முதல் தடவை ஓட்டின லாக்கையும் போடுங்க. ரெண்டாவது ரன் வேண்டாம், அது நல்ல பிள்ளை.

புதுசா_வந்தவன்:
வொர்க்கர் போன வாரம் தொடங்கினது! முதல் ரன்ல அந்த ரெண்டுல மட்டும் சிவப்பு இருந்திருக்கு: டெம்ப்ளேட் 'சேஞ்ச்டு', அதுக்கு அடுத்த 'ஆப்ட்' டாஸ்க்ல (பேக்கேஜ் நிறுவுறது) டிபிகேஜி லாக் கிடைக்கலைன்னு ஃபெயில். அன்அட்டென்டட் அப்கிரேட்ஸ் (டெபியன் தானா பண்ற அப்டேட்) ஓடி அந்த லாக்கைப் பிடிச்சிட்டிருந்த நேரம். மறுபடி ஓட்டினதும் சரியாயிடுச்சுன்னு விட்டுட்டேன்.

கருப்புத்திரை:
அங்கதான் மாட்டினீங்க. நோட்டிஃபை பண்ணின உடனே ஹேண்ட்லர் ஓடாது, டாஸ்க் எல்லாம் முடிஞ்ச பிறகுதான் ஓடும். பத்து டாஸ்க் கூப்பிட்டாலும் ஒரே ரீலோட் போதும்னுதான் அந்த ஏற்பாடு. ஆனா நடுவுல ஒரு டாஸ்க் விழுந்தா அந்த சர்வர் ஆட்டத்திலிருந்தே வெளியே. காத்திருந்த ஹேண்ட்லரும் போச்சு. அடுத்த ரன்ல ஃபைல் ஏற்கெனவே சரியா இருக்கு, அதனால 'ஓகே'. 'சேஞ்ச்டு' இல்லைன்னா நோட்டிஃபை கிடையாது. போன ரன்ல பாக்கி வெச்சது ஆன்சிபிளுக்கு ஞாபகமும் இருக்காது.

முதல்ல அந்த ரெண்டையும் ஒரு தடவை ரீலோட் பண்ணிடுங்க. பிறகு டெம்ப்ளேட் டாஸ்க்குக்குக் கீழேயே 'மெட்டா: ஃப்ளஷ்_ஹேண்ட்லர்ஸ்' போடுங்க, பாக்கி நிக்கிற ஹேண்ட்லர் எல்லாம் அங்கேயே ஓடிடும். இல்லைன்னா பிளே மட்டத்துல 'ஃபோர்ஸ்_ஹேண்ட்லர்ஸ்: ட்ரூ'. டாஸ்க் விழுந்தாலும் ஹேண்ட்லர் ஓடும், சர்வரையே எட்ட முடியலைன்னா மட்டும் அதாலயும் ஆகாது. 'ஆப்ட்' டாஸ்க்ல 'லாக்_டைம்அவுட்' இருக்கு, இயல்பா 60 விநாடி, 300 ஆக்குங்க.

புதுசா_வந்தவன்:
ரீலோட் பண்ணினதும் ரெண்டுலயும் படம் ஏறுது! ஃப்ளஷும் போட்டாச்சு. இன்னொண்ணு: டெம்ப்ளேட்ல ஃபைலை வைக்கிறதுக்கு முன்னாடி சோதிக்கிற 'வேலிடேட்'னு ஒண்ணு இருக்கே, அதை என்ஜின்எக்ஸுக்கும் போடலாமா?

கருப்புத்திரை:
சூடோயர்ஸ் (யாருக்கு சூடோ அனுமதின்னு சொல்ற ஃபைல்), எஸ்எஸ்ஹெச்டி (எஸ்எஸ்ஹெச் சர்வரோட கான்ஃபிக்) ரெண்டுக்கும் கட்டாயம் போடுங்க, இல்லைன்னா ஒருநாள் நீங்களே வெளியே நிப்பீங்க. என்ஜின்எக்ஸ்ல சைட் ஃபைல் வெறும் துண்டு. தனியா சோதிச்சா பிழைன்னுதான் சொல்லும். ரீலோடுக்கு முன்னாடி முழு கான்ஃபிக்கையும் சின்ன 'டி'யால சோதிக்கிற ஹேண்ட்லர் ஒண்ணு வைங்க. எழுதும்போது அது மேலே இருக்கணும். நோட்டிஃபைல எந்த வரிசைல கொடுத்தாலும் ஹேண்ட்லர் எழுதின வரிசைலதான் ஓடும்.

ரீஸ்டார்ட்_ராஜா:
என் ரோல் எல்லாத்துலயும் 'ரீஸ்டார்ட்டட்'தான் இருக்கு. இன்னிக்கு ராத்திரி தூக்கம் போச்சு.