விமானம் இரண்டு நொடி பேச்சு கேட்கவில்லை

நான்: மாமா, இன்று என் ரிமோட் விமானத்தை இறுக்கமாகத் திருப்பினேன், அப்படியே உறைந்துவிட்டது. ஸ்டிக்கை எப்படி ஆட்டினாலும் அசையவில்லை. இரண்டு நொடி கழித்துத் தானாகக் கைக்கு வந்தது. இறக்கிவிட்டேன்.

அக்கா: யார் மேலும் படவில்லையே?

நான்: இல்லை அக்கா, கீழே ஆள் இல்லை.

அண்ணன்: அந்த மொபைல் டவர்தான். பறக்கிற இடத்துக்கு எதிரிலேயே நிற்கிறது.

மாமா: டவர் மேல் பழி போடுவதற்கு முன் ஒன்று சொல். உன் செட் 2.4 கிகாஹெர்ட்ஸ்தானே?

நான்: ஆமாம் மாமா.

மாமா: பழைய 35, 72 மெகாஹெர்ட்ஸ் செட்டில் இரைச்சல் புகுந்தால் சர்வோ, அதாவது இறக்கை, வால் மடிப்புகளை அசைக்கும் குட்டி மோட்டார், வெடவெடவென்று நடுங்கும். அதே சானலில் இன்னொருவர் ரிமோட்டை ஆன் செய்தால் விமானம் அவ்வளவுதான். 2.4-ல், விமானத்துக்குள் சிக்னலை வாங்கும் ரிசீவர் தன்னோடு பைண்ட் செய்த, அதாவது ஜோடி சேர்த்த, ரிமோட்டின் அடையாளத்தைப் பார்த்துத்தான் கேட்கும். சிக்னல் கெட்டால் நடுங்காது. கடைசிக் கட்டளையிலேயே நிற்கும், இல்லையென்றால் சிக்னல் போனால் என்ன செய்வது என்று முன்பே வைத்த ஃபெயில்சேஃபுக்குப் போகும்.

அண்ணன்: அப்படியென்றால் சிக்னல் போனதுதானே மாமா?

மாமா: ரிசீவருக்குக் கரண்ட் போனாலும் இதே மாதிரிதான் தெரியும். தம்பி, இறக்கியதும் ரிசீவர் விளக்கு எப்படி இருந்தது?

நான்: விட்டுவிட்டு மின்னியது. கையேட்டில் பார்த்தேன், வோல்ட் விழுந்து மீண்டதற்கான அடையாளம் என்று போட்டிருக்கிறது.

மாமா: எத்தனை சர்வோ? ரிசீவருக்கும் சர்வோவுக்கும் கரண்ட் கொடுக்கும் பிஇசி எது?

நான்: நான்கு டிஜிட்டல் சர்வோ, 3 செல் லிப்போ பேட்டரி. மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சிக்குள்ளேயே இருக்கும் லீனியர் பிஇசி.

மாமா: அங்கேதான் இடிக்கிறது. லீனியர் பிஇசி 11.1 வோல்ட்டை 5 ஆக்குவதற்கு மீதி 6.1 வோல்ட்டையும் சூடாகத்தான் விடும். ஒரு ஆம்பியர் இழுத்தாலே 6 வாட் சூடு. திருப்பத்தில் நான்கு சர்வோவும் சேர்ந்து காற்றோடு மல்லுக்கட்டும்போது வோல்ட் சரிகிறது, ரிசீவர் அணைந்து மறுபடி எழுகிறது. தரையிலேயே பார்த்துவிடலாம். முதலில் ப்ரொப்பல்லரைக் கழற்று. ரிசீவரின் காலி சாக்கெட்டில் வோல்ட்மீட்டர் மாட்டு. அக்கா இரண்டு ஸ்டிக்கையும் சுற்றட்டும், நீ வால் மடிப்பான எலிவேட்டரையும் இறக்கை மடிப்பான அய்லரானையும் விரலால் லேசாகத் தடுத்துப் பிடி.

நான்: பார்த்துவிட்டேன் மாமா. சும்மா இருக்கும்போது 5.0. பிடித்ததும் 3.4 வரை இறங்கி ரிசீவர் விளக்கே அணைந்தது!

அக்கா: நானும் பார்த்தேன். சர்வோ எல்லாம் ஒரே நேரத்தில் செத்துப்போயின.

அண்ணன்: பெரிய கண்டன்சர் ஒன்று மாட்டினால் போதாதா?

மாமா: கண்ணிமைக்கும் நேரச் சரிவைத்தான் அது தாங்கும். பிஇசி சூடாகி ஓய்ந்தால் உதவாது. இவ்வளவு சூடாகாத 5 ஆம்பியர் ஸ்விட்சிங் பிஇசி தனியாகப் போடு. ஈஎஸ்சியிலிருந்து ரிசீவருக்கு வரும் மூன்று கம்பி பிளக்கில் சிவப்பின் பின்னை மட்டும் வெளியே எடுத்து டேப் சுற்று. இரண்டு பிஇசியும் ஒன்றோடொன்று மோதக் கூடாது.

நான்: சரி மாமா. ஆன்டெனா படமும் அனுப்பியிருக்கிறேன்.

மாமா: இரண்டும் ஒரே பக்கம் கார்பன் குழாயை ஒட்டிப் படுத்திருக்கின்றன. இன்றைய கோளாறு இதனால் இல்லை, ஆனாலும் இப்படி விடாதே. கார்பன் சிக்னலை மறைக்கும். நுனியில் உறை உரித்த 31 மில்லிமீட்டர்தான் ஆன்டெனாவின் காது, மிச்சம் வெறும் கம்பி. அந்த நுனிகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாக, பேட்டரிக்கும் கார்பனுக்கும் எட்டத்தில் ஒட்டு. விமானம் எப்படிப் புரண்டாலும் ஒன்றாவது கேட்கும்.

அண்ணன்: அப்புறம் பறக்கவிடலாமா?

மாமா: ரேஞ்ச் டெஸ்ட் முடியாமல் கூடாது. ரிமோட்டைக் குறைந்த பவரில் வைத்து 30 காலடி எடுத்துவைத்துத் தள்ளி நட. ஒருவர் விமானத்தைப் பின்னாலிருந்து கெட்டியாகப் பிடிக்கட்டும். மோட்டார் நின்றிருக்கும்போது ஒருமுறை, முழு வேகத்தில் ஓடும்போது ஒருமுறை. ஓடும்போது மட்டும் தடுமாறினால் இன்னும் விமானத்துக்குள்ளேயே தேட வேண்டும். ஃபெயில்சேஃபில் மோட்டார் நிற்கிறதா? ப்ரொப்பல்லர் இல்லாதபோதே ரிமோட்டை அணைத்துப் பார்த்துவிடு.

நான்: இப்போதே அணைத்துப் பார்த்தேன், நிற்கிறது மாமா.

மாமா: நல்லது. சிவப்புப் பின்னுக்கு டேப் சுற்றியதும் படம் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.