காக்கெல் முகட்டு நிலநடுக்கங்கள் எல்லாம் 10 கி.மீ. ஆழம் என்றே வருகின்றன, எங்கே பிழை?

கேள்வி

வணக்கம். ஆர்க்டிக் கடலடியில் இரு நிலத்தட்டுகள் விலகும் மலைத்தொடரான காக்கெல் முகட்டின் நிலநடுக்கங்களை முதுகலைத் திட்டத்துக்காகத் தொகுத்து வருகிறேன். அமெரிக்க புவியியல் ஆய்வு மையத்தின் பட்டியலை ஆப்ஸ்பை (நிலநடுக்கத் தரவுக்கான பைதான் நிரல் தொகுப்பு) மூலம் இறக்கினேன். பெரும்பாலான நிகழ்வுகளுக்கு ஆழம் 10000.0 என்றே இருக்கிறது. பழையவை சிலவற்றில் 33000.0. ஆழத்தைக் காட்டும் குறுக்குவெட்டு வரைந்தால் புள்ளிகள் கோடு கிழித்தது போல வரிசையாக நிற்கின்றன. நிலநடுக்க அளவு (மேக்னிடியூட்) 4-க்குக் கீழே அநேகமாக எதுவுமே இல்லை. துருவத்தை ஒட்டிய பகுதி வரைபடத்தில் கன்னாபின்னாவென்று இழுபடுகிறது. நிரலில் தவறா, தரவில் தவறா? யாராவது சொல்லுங்கள்.

பதில் 1

நிரல் சரி. ஆப்ஸ்பை ஆழத்தை மீட்டரில் தரும். ஆகவே 10 கி.மீ. ஆனால் அது அளந்து கிடைத்த எண் அல்ல. ஆழத்தைக் கணிக்க வழியில்லாதபோது அதை ஒரு எண்ணில் நிறுத்திவிட்டு இடத்தையும் நேரத்தையும் மட்டும் கணிப்பார்கள். முன்பு அந்த எண் பெரும்பாலும் 33.

ஆழம் நம்பும்படி கிடைக்க, ஆழத்துக்கு ஒப்பான தொலைவிலேயே ஒரு நிலநடுக்கப் பதிவு நிலையமாவது வேண்டும். இங்கே நிரந்தர நிலையங்கள் ஸ்வால்பார்டு, வட கிரீன்லாந்து, கனடாவின் அலர்ட் என்று கரையில்தான் இருக்கின்றன. முகடோ சுமார் 1800 கி.மீ. நீளம். அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால், அதிர்வு கொஞ்சம் ஆழத்தில் நடந்ததா, கொஞ்சம் முன்னதாக நடந்ததா என்று பிரித்தறிய முடியாது.

சின்ன அதிர்வுகளின் அலை கரை சேர்வதற்குள் இரைச்சலில் கரைந்துவிடும். தயவுசெய்து அங்கே சிறு நிலநடுக்கங்களே இல்லை என்று ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள்.

கேட்டவர்

நன்றி சார். நிறுத்திவைத்த ஆழங்களை எப்படிப் பிரிப்பது? உண்மையான ஆழம் எங்கேயாவது கிடைக்குமா?

பதில் 2

ஒவ்வொரு நிகழ்விலும் 'டெப்த் டைப்' என்ற புலத்தைப் பாருங்கள். ஆய்வாளர் இட்ட ஆழம் என்று குறித்திருந்தால் அதைக் குறுக்குவெட்டில் சேர்க்காதீர்கள். பெரிய நிகழ்வுகளுக்குச் சர்வதேச நிலநடுக்கவியல் மையத்தின் சரிபார்த்த பட்டியலை எடுங்கள். அது ஏறக்குறைய 2 ஆண்டு தாமதமாக வரும், ஆனாலும் காத்திருக்கத் தகுந்தது.

சின்ன அதிர்வுகளுக்கு, 2001-இல் போலார்ஸ்டெர்ன், ஹீலி கப்பல்கள் போன பயணத்தில் மிதக்கும் பனிப்பாளங்கள்மேல் நிலநடுக்கமானிகளை வைத்துப் பதிந்த தரவு உண்டு. பாளம் நகர்ந்துகொண்டே இருப்பதால் ஜிபிஎஸ் இடத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். நிலநடுக்கத்தில் முதலில் வரும் பி அலைக்கும் (அழுத்த அலை) பின்னால் வரும் எஸ் அலைக்கும் (குறுக்கு அலை) உள்ள நேர இடைவெளியிலிருந்துதான் தூரத்தைக் கணிப்போம். எஸ் அலை தண்ணீரைக் கடக்காது. கடலடியில் பி அலையாக மாறித்தான் மேலே வரும். அதைத் தவறவிட்டால் தூரம் முழுவதும் தப்பாகிவிடும். கடலடிக் கருவி போடலாமே என்று தோன்றும். மேலே மிதந்து வரும்போது பனிக்கடியில் மாட்டிக்கொள்ளும், எடுப்பது பெரும்பாடு.

பதில் 3

வரைபடத்துக்கு துருவத்தருகே இழுத்துக் காட்டும் மெர்கேட்டர் வீழலை விட்டுவிட்டு, துருவத்தை நடுவில் வைக்கும் துருவ ஸ்டீரியோகிராபிக் வீழலுக்கு மாறுங்கள். தேடும்போதும் செவ்வகம் வேண்டாம். துருவத்தை மையமாக வைத்து 12 பாகை ஆரம் கொடுங்கள். ஸ்வால்பார்டு நிகழ்வுகளும் கூடவே வரும், கழித்துவிடுங்கள்.

சோதித்துப் பார்க்க 1999 ஜனவரி முதல் செப்டம்பர் வரை, கிழக்கு 85 பாகை அருகே எடுங்கள். 200-க்கு மேற்பட்ட அதிர்வுகள் அங்கே கூட்டமாகத் தெரிய வேண்டும். ஆண்டுக்கு சுமார் 1 செ.மீ. மட்டுமே விலகும் முகட்டில் இத்தனை என்பதுதான் எனக்கு இன்னும் வியப்பு.

கேட்டவர்

அந்தக் கூட்டம் தெளிவாகத் தெரிகிறது! குறுக்குவெட்டை நீக்கிவிட்டேன். இப்போது பனிப்பாளத் தரவின் வடிவத்தைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.