முதலில் ஆம்பா, ஸ்பீக்கரா? காரில் பட்ட அனுபவங்கள்

நான் முதலில் வாங்கியது ஆம்ப்தான், அதாவது ஸ்பீக்கருக்குப் போகும் பவரைக் கூட்டித் தரும் ஆம்ப்ளிஃபயர். அது தப்பு என்று இப்போது தெரியும், அந்தத் தப்புக்குப் பிறகுதான் மற்றதெல்லாம் கற்றுக்கொண்டேன் என்பதால் கூச்சப்படாமல் சொல்கிறேன்.

என் கார் ஏழு வருடப் பழசு, கதவில் இருந்த ஸ்பீக்கர்கள் கம்பெனியில் மாட்டி வந்தவை. சத்தத்தைப் பாதிக்கு மேல் ஏற்றினால் குரல் கரகரக்கும், தபேலாவை வாசிக்கிறார்களா அட்டைப் பெட்டியைத் தட்டுகிறார்களா என்று சந்தேகம் வரும். பிறகு வாங்கிப் போட்ட ஸ்டீரியோவின் முகப்பில் 50×4 வாட் என்று அச்சடித்திருந்தது. எல்லோரும் 'செட்டில் பவர் பத்தாது, ஆம்ப் போடு' என்றார்கள், நானும் யோசிக்காமல் சேனலுக்கு 60 வாட் ஆர்எம்எஸ் (விடாமல் தரக்கூடிய பவர்) தரும் நாலு சேனல் ஆம்ப் ஒன்றை வாங்கி சீட்டுக்கு அடியில் வைத்தாயிற்று. மாட்டியவர் கெயின் குமிழை முக்கால்வாசி திருப்பி வைத்துவிட்டு, 'கேட்டுப் பாருங்க' என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் சொர்க்கம். உண்மையில் கூடியது சத்தம் மட்டும்தான், ஆனால் சத்தம் கூடினாலே தெளிவும் கூடிவிட்டதாகக் காது நம்பிவிடுகிறது. மூன்றாம் நாள் நெடுஞ்சாலையில் ஜன்னலை இறக்கிவிட்டு ஒரு பேஸ் பாட்டைக் கொஞ்சம் ஆசையாக ஏற்றினேன், இடது முன்கதவிலிருந்து 'டப்' என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் பேஸ் வந்த ஒவ்வொரு முறையும் கதவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி ஓர் இரைச்சல். வீட்டுக்கு வந்து கதவு அட்டையைக் கழற்றிப் பார்த்தால் வெறும் காகிதக் கோன், அதன் விளிம்பு இரண்டு விரல் அகலத்துக்குக் கிழிந்து தொங்குகிறது. பின்னால் இருந்த காந்தம் பாட்டில் மூடியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. கையில் எடுத்தபோது எடையே தெரியவில்லை. இதற்கா 60 வாட்டை அனுப்பினேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

எரிச்சல் ஸ்பீக்கர் போனதில் இல்லை. ஏற்கெனவே இருந்த கரகரப்பைத்தான் ஆம்ப் இன்னும் பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. உங்களில் யாராவது இதையே தலைகீழாகச் செய்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

* * *

தலைகீழாகச் செய்தவன் நான்தான். எனக்கும் கை சுட்டது, வேறு விதமாக.

'ஸ்பீக்கர்தான் முக்கியம்' என்று படித்துவிட்டு, முன்கதவுகளுக்கு ஆறரை அங்குல காம்போனென்ட் செட் வாங்கினேன். பேஸுக்குத் தனி வூஃபர், கீச்சு ஒலிகளுக்குத் தனி ட்வீட்டர், நடுவில் ஒலியை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் பெட்டி என்று கனமான சாமான். ஆம்ப் இல்லாமல் நேராக ஸ்டீரியோவிலேயே இணைத்தேன். முதல் பாட்டிலேயே குரல் தெளிவாக வந்தது, புல்லாங்குழலில் மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்டது. சரி, ஆனால் மொத்தத்தில் சோர்வாக இருந்தது. பழைய ஸ்பீக்கரில் 20-இல் வைத்துக் கேட்டதை இதில் 28-க்கு ஏற்ற வேண்டியிருந்தது, 30-ஐத் தாண்டினால் நல்ல ஸ்பீக்கரும் கடுகடுக்க ஆரம்பித்தது.

காரணம் பெட்டியிலேயே இருந்தது, நான்தான் படிக்கவில்லை. சென்சிடிவிட்டி, அதாவது கொடுத்த பவருக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு, 86 டெசிபெல்தான், அது குறைவு. பல கம்பெனி ஸ்பீக்கர்கள் லேசான கோன் வைத்து, ஸ்டீரியோ தரும் சின்ன பவரிலேயே சத்தமாகப் பாடும்படி செய்யப்பட்டவை. 3 டெசிபெல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு பவர் வேண்டும், 6 குறைந்தால் நாலு மடங்கு. இதில் ஒரு குசும்பும் உண்டு: சிலர் 1 வாட் கொடுத்து அளப்பார்கள், சிலர் 2.83 வோல்ட் கொடுத்து அளப்பார்கள். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்றால் அது 2 வாட், அதனால் அட்டையில் 3 டெசிபெல் கூடுதலாகத் தெரியும். இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர்கள் எப்படி அளந்தார்கள் என்ற வரியையும் பாருங்கள்.

உங்கள் செட்டில் போட்டிருந்த 50×4 கணக்கையும் சொல்லிவிடுகிறேன். என்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். அதை வர்க்கமாக்கி 4 ஓமால் வகுத்தால் 52 வாட் வரும். அதாவது பாட்டு முழுக்கச் சிதைந்து சதுர அலையாகிவிட்ட நிலையில் கிடைக்கும் பவர் அது. சுத்தமான அலையாக வேண்டுமென்றால் அதில் பாதிதான், உள்ளே போகும் நஷ்டத்தையும் கழித்தால் 15 முதல் 20 வாட் வரை. முகப்பில் என்ன எண்ணை அச்சடித்தாலும் சாதாரண ஸ்டீரியோவுக்குள் இருக்கும் சிப்பின் நிலைமை இதுதான். ஆம்புக்குள் வோல்டேஜை ஏற்றித் தரும் தனிப் பகுதி இருப்பதால்தான் அதனால் இந்த எல்லையைத் தாண்ட முடிகிறது.

அதற்காக உடனே ஆம்ப் வாங்க ஓடாதீர்கள். 20 வாட்டிலிருந்து 60-க்குப் போனால் மூன்று மடங்கு பவர்தான், ஆனால் கூடும் சத்தம் 5 டெசிபெல்கூட இல்லை. எனக்கு ஆம்பைவிடப் பெரிய வித்தியாசம் கொடுத்தது கதவுதான், சத்தியமாக. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, கதவின் உள்தகட்டில் இருந்த பெரிய ஓட்டைகளை மூடினேன், வெளித்தகட்டின் உள்பக்கம் பியூட்டைல் டேம்பிங் ஷீட் ஒட்டி ரோலரால் அழுத்தினேன், ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் நடுவில் இடைவெளி இல்லாமல் ஃபோம் வைத்தேன். கோனின் முன்பக்கத்துச் சத்தமும் பின்பக்கத்துச் சத்தமும் அந்த ஓட்டைகள் வழியாகக் கலந்து ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்திருக்கின்றன, அதிலும் முதலில் போவது பேஸ். மூடி முடித்துவிட்டு அதே ஸ்டீரியோவில், அதே 28-இல் போட்டேன், மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் முதல்முறையாகத் தெரிந்தது. (ஓட்டைகளை மூடும்போது கதவின் அடியில் இருக்கும் மழைநீர் வடிகிற துளைகளையும் சேர்த்து மூடிவிடாதீர்கள், தகடு துருப்பிடிக்கும்.) ஆம்ப் அதற்கப்புறம் ஆறு மாதம் கழித்துத்தான் வந்தது.

* * *

எனக்கு நீளமாக எழுத வராது. சித்தப்பா காரில் புது ஸ்பீக்கர் போட்டும் பேஸே இல்லை, ஆம்ப் வாங்கலாமா என்று கேட்டார். போய்ப் பார்த்தேன், பேலன்ஸை இடது பக்கம் தள்ளினால் பேஸ் வருகிறது, வலது பக்கம் தள்ளினாலும் வருகிறது, நடுவில் வைத்தால் காணாமல் போகிறது. ஒரு பக்கத்து ஸ்பீக்கரில் ப்ளஸ், மைனஸ் ஒயர்கள் மாறியிருந்தன. ஒரு கோன் வெளியே வரும்போது இன்னொன்று உள்ளே போகும், பேஸ் அடிபடும். ஒயரைக் கழற்றி 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பார்த்தால் போதும், ப்ளஸ் ப்ளஸில் பட்டால் கோன் வெளியே தள்ளும். ஐந்து நிமிட வேலை. சித்தப்பா இன்னும் ஆம்ப் வாங்கவில்லை, தேவைப்படவும் இல்லை.

* * *

முதலில் எழுதியவன்தான். மூன்று வாரம் ஆகிவிட்டது, அதற்குள் நடந்ததைச் சொல்கிறேன்.

கதவு யோசனைக்கு நன்றி அண்ணே, அதையே முதலில் செய்தேன். அப்புறம் ட்வீட்டரும் வூஃபரின் நடுவிலேயே இருக்கும் கோஆக்ஸியல் ஸ்பீக்கர்தான் வாங்கினேன், காம்போனென்ட் செட்டின் ட்வீட்டருக்காக டேஷ்போர்டில் துளை போட எனக்கு மனசு வரவில்லை. பெட்டியை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன், முன்பு பார்த்த அந்த மூடி சைஸ் காந்தம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. ஆம்ப் ஏற்கெனவே கையில் இருப்பதால் அதையும் இணைத்தேன், ஆனால் இந்த முறை கெயினை நானே வைத்தேன். கெயின் என்பது சத்தம் ஏற்றும் குமிழ் இல்லை, ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்தும் இடம், அவ்வளவுதான். ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு, பேஸ், ட்ரெபிள் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைத்து, ஸ்டீரியோவை முக்கால் சத்தத்தில் நிறுத்தி, 1000 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, ஆம்பின் வெளியீட்டில் மல்டிமீட்டரை ஏசி வோல்டேஜில் வைத்தேன். எனக்கு வேண்டியது 50 வாட், ஸ்பீக்கர் 4 ஓம். இரண்டையும் பெருக்கினால் 200, அதன் வர்க்கமூலம் சுமார் 14.1, அத்தனை வோல்ட் வர வேண்டும். மீட்டர் அந்த எண்ணைத் தொட்டதும் குமிழை விட்டுவிட்டேன். முன்பு முக்காலில் இருந்தது இப்போது கால்வாசியைக்கூடத் தாண்டவில்லை! குறிப்பிட்ட அளவுக்குக் கீழான பேஸை ஸ்பீக்கருக்குப் போகாமல் தடுக்கும் ஹை பாஸ் ஃபில்டரையும் 80 ஹெர்ட்ஸில் போட்டாயிற்று.

இன்னொன்று. ஆம்பை வாங்குவதற்கு முன்பே, பழைய ஸ்பீக்கரிலேயே இந்தச் சோதனையைச் செய்திருக்கலாம்: ஸ்டீரியோவில் ஹை பாஸை 80 அல்லது 100-இல் போட்டு அதே பாட்டை அதே சத்தத்தில் கேட்பது. கரகரப்பு நின்றுவிட்டால், ஸ்பீக்கரால் தாங்க முடியாத பேஸ்தான் தொல்லை. மெல்லிய சத்தத்திலேயே கரகரத்தால் எத்தனை வாட் கொடுத்தாலும் ஸ்பீக்கர் போனது போனதுதான். மெல்லிய சத்தத்தில் சுத்தம், ஏற்றினால் மட்டும் கடுகடுப்பு, ஸ்பீக்கரும் நல்ல ஸ்பீக்கர் என்றால், அங்கேதான் ஆம்புக்கு வேலை.

ஒரே ஒரு பிரச்சினை பாக்கி. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் மெல்லிய 'ஙீ' என்று ஒரு விசில், என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்குகிறது. எர்த் ஒயரைச் சீட்டு போல்ட்டில் பெயிண்ட்டுக்கு மேலேயே முடுக்கியிருக்கிறார் அந்த மாட்டியவர், ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்கு சிக்னல் கொண்டுபோகும் ஆர்சிஏ ஒயரும் பேட்டரி ஒயரும் ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. உப்புத்தாள் வாங்கி வைத்திருக்கிறேன். இந்த வாரக் கடைசியில் பெயிண்ட்டைச் சுரண்டி, ஆர்சிஏ ஒயரை மறுபக்கத்துக்கு மாற்றிவிட்டு வந்து சொல்கிறேன்.